தண்ணீருக்கு முன்னால் ஒரு சைக்கிள்

கல்லணை திறந்த மறுநாள் அது. சில வருடங்களுக்கு முன்பு, ஆனி பிறந்த சமயம். திருக்காட்டுப்பள்ளியைத் தாண்டிக் காவிரிக் கரையோடு கிழக்கே போகிற பாதையில் நானும் என் கணவரும் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தோம்.

ஐம்பது வயதைத் தாண்டிய இரண்டு பேருக்குச் சைக்கிளில் ஆற்றங்கரையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். தஞ்சாவூரில் எங்களுக்கு ஒரு மருந்துக்கடை. அதற்கு முந்தைய வருடம் எங்கள் மகளைப் பார்க்க மலேசியாப் பக்கம் ஒரு தீவுக்குப் போயிருந்தோம். அங்கே ஓட்டல் ஒன்றில் அவளுக்குக் கணக்கு வேலை. ஊர் சுற்ற வருகிறவர்கள் எல்லோரும் அங்கே வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு காலையில் கிளம்பிச் சாயங்காலம் திரும்புவார்கள். எங்களுக்கும் இரண்டு எடுத்துக் கொடுத்தாள். தீவு என்றால் கடல் மட்டத்தில் தட்டையாக இருக்கும் என்று நினைத்துப் போனவள் நான். அங்கே போனால் எங்கு திரும்பினாலும் மலை. சைக்கிள் மேல் நான் இருந்ததைவிட, சைக்கிளை நான் தள்ளியதுதான் அதிகம். ஆனால் உச்சிக்குப் போய் மறுபக்கம் இறங்கும்போது, கீழே கடல் அப்படியே விரிந்து கிடக்க, பெடலை மிதிக்காமலே காற்றில் போனோமே, அந்த ருசி ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஊருக்கு வந்ததும் பழைய கியர் சைக்கிள் இரண்டு வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவோம். பூதலூர், திருவையாறு என்று சுற்றுவோம். ஒருமுறை தரங்கம்பாடிக்கே போய்விடலாம் என்று வீராப்பாகக் கிளம்பி, கும்பகோணத்தில் காப்பி குடித்துவிட்டு, சைக்கிள்களை ஒரு மினி லாரியில் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். எங்கள் பக்கத்தில் கியருக்கு வேலையே இல்லை. ஆற்றுப் பாலம் ஏறினால் அதுதான் மலை. ஆனால் ஆனி, ஆடியில் மேல்காற்று உண்டு. அதற்கு எதிரே மேற்குப் பார்த்து மிதிக்கும்போது, அந்தத் தீவின் ஏற்றம் எல்லாம் இதற்குத் தேவலை என்று தோன்றும்.

அந்த வாரம் தண்ணீர் வருவதைப் பார்க்கப் போகலாம் என்று சொன்னது என் கணவர்தான். "பொறந்ததுலேர்ந்து இந்த ஊர்லதான் இருக்கேன். ஆறு காஞ்சு கெடக்குறதப் பாத்துருக்கேன், ரொம்பி ஓடுறதப் பாத்துருக்கேன். வந்து சேர்றத ஒரு தடவ கூடப் பாத்ததில்ல" என்றார். யோசித்துப் பார்த்தால் நானும் பார்த்ததில்லை.

ஒரு படித்துறையில் கூட்டம் நின்றது. பெண்கள் தட்டில் பூவும் விதைநெல்லும் வைத்துக்கொண்டு மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றோம். சினிமாவில் வருகிற மாதிரி சுவர் போல எழும்பி வரும் என்று எனக்குள் ஒரு எண்ணம். வந்ததோ அப்படி இல்லை. தூரத்தில் மணல் மேல் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்கு மேலே கொக்குகள் எழும்பி எழும்பி உட்கார்ந்தன. கிட்டே வந்தபோதுதான் அது தண்ணீர் என்று தெரிந்தது. பழுப்பு நுரையையும் சருகையும் குச்சியையும் முன்னால் தள்ளிக்கொண்டு, மனிதர் நடக்கிற வேகம்கூட இல்லாமல், நாக்கு நாக்காக நீண்டு வந்தது. வருகிற தண்ணீரை மணல் குடித்தது. குடிக்கிற சத்தம் கேட்டது. எண்ணெயில் அப்பளம் போட்டது போல மெல்லிய சீறல், ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும். மணலுக்குள் இருந்த காற்றெல்லாம் குமிழி குமிழியாக வெளியே வந்தது. பூச்சிகளும் ஓணான்களும் முன்னால் ஓடின. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

தண்ணீர் படித்துறையைத் தொட்டதும் பூவைத் தூவினார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, முன்னால் போய் ஒரு நிழலில் உட்கார்ந்து கொண்டுவந்த இட்லியைச் சாப்பிடுவோம், அதற்குள் தண்ணீரும் அங்கே வந்துவிடும் என்று கிளம்பினோம். முதுகுக்குப் பின்னால் மேல்காற்று. மிதிக்காமலே சைக்கிள் போனது.

நாலு திருப்பம் தாண்டியிருப்போம். ஆற்றின் நடுவே மணலில் சிலர் ஒரு குழியைச் சுற்றி நின்று கயிறு இழுப்பது தெரிந்தது. என் கணவர் சைக்கிளை ஒரு நாவல் மரத்தில் சாய்த்துவிட்டு இறங்கி ஓடினார். நானும் பின்னால் போனேன்.

எப்போதோ மணல் அள்ளிய குழி அது. ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். உள்ளே ஒரு செவலைப் பசு, நிறைமாதச் சினை. கோடையில் ஆற்றுக்குள் முளைக்கிற புல்லை மேயக் கட்டியிருக்கிறார்கள். முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வந்து விழுந்திருக்கிறது. முன்னங்கால் இரண்டும் சேற்று மணலில் முட்டி வரை புதைந்திருந்தன. அதன் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். நாற்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்டிருந்தாள். அவளுடைய மாடுதான்.

மேலே நின்றது நாலைந்து ஆண்கள்தான். ஒருவர் அவளுடைய கொழுந்தனார். கயிறு கட்டி இழுத்தால் குழியின் ஓரம் இடிந்து மாட்டின் மேலேயே விழுந்தது. பொக்லைன் அழைத்துவர ஒருவர் மொபெட்டில் போயிருந்தார். தீயணைப்புக்கும் போன் போட்டிருந்தார்கள்.

"தண்ணி எங்கங்க வருது?" என்று கேட்டார் கொழுந்தனார்.

படித்துறையைத் தாண்டிவிட்டது என்று சொன்னோம். அவர் முகம் மாறியது. "மத்தியானம் ஆவும்னுல்ல சொன்னாங்க" என்றவர், குழிக்குள் பார்த்து, "அண்ணி, நீங்க மொதல்ல மேல ஏறுங்க" என்றார்.

"தண்ணி வரட்டும், பாத்துக்கலாம்" என்றாள் அவள்.

"வந்தாப் பாக்குறதுக்கு என்னா இருக்கு? ஏறுங்கன்னா."

அவள் மாட்டின் காதோரம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

ஆள் போதாது என்பது எனக்கே தெரிந்தது. படித்துறையில்தான் அத்தனை பேர் நிற்கிறார்களே. "நான் போய்க் கூட்டிட்டு வரேங்க" என்றேன். என் கணவர் ஏற்கெனவே சட்டையைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் பிடித்துவிட்டார். "விழுந்துடாதே" என்று மட்டும் சொன்னார்.

கரையேறி மேற்கே திரும்பினேன். வரும்போது தள்ளிக்கொண்டு வந்த காற்று இப்போது நெஞ்சில் கையை வைத்துத் தடுத்தது. தலைப்பு படபடவென்று அடித்தது. கண்ணில் மண். எல்லா கியரையும் மாற்றிப் பார்த்தேன். தீவில் என்றால் இறங்கித் தள்ளியிருப்பேன். இங்கே இறங்க மனம் வரவில்லை. எழுந்து நின்று மிதித்தேன். நான் நினைத்ததைவிடச் சீக்கிரமாகவே தண்ணீர் எதிரே வந்துவிட்டது. பின்னாலிருந்து வரத்து கூடியிருக்க வேண்டும். சற்று முன் பார்த்த அதே தண்ணீர்தான், அதே நுரை, அதே கொக்குகள். ஆனால் இப்போது அதைப் பார்த்ததும் இன்னும் அழுத்தி மிதித்தேன். இத்தனை பெரிய ஒன்றிடம் கொஞ்சம் நில் என்று யார் சொல்வது.

கூட்டம் தண்ணீரோடு கூடவே கரையில் நடந்து வந்துகொண்டிருந்தது. எனக்கு மூச்சு வாங்கியதில் வார்த்தையே வரவில்லை. "அண்ணே, கீழ ஒரு குழியில சினை மாடு. ஒரு பொம்பளையும் உள்ள நிக்கிறாங்க" என்று எப்படியோ சொன்னேன். எங்கே, என்ன என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். வண்டி வைத்திருந்தவர்கள் இரண்டு இரண்டு பேராக ஏற்றிக்கொண்டு பறந்தார்கள். யாரோ ஒருவர் தேர் வடம் மாதிரி ஒரு கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

திரும்பும்போது நான் தனியாக இருந்தேன். இடது கைப்பக்கம் ஆறு வந்துகொண்டிருந்தது. அதை முந்திப் போகிறேன் என்பது தெரியும், ஆனாலும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நான் வேகமாகப் போனால் அது பின்னால் போனது. நான் கொஞ்சம் தளர்ந்தால் ஓசையில்லாமல் பக்கத்தில் வந்துவிட்டது போல இருந்தது. அதற்கு அவசரமும் இல்லை, கோபமும் இல்லை. எத்தனையோ வயல்கள் அதற்காகக் காத்துக் கிடக்கின்றன. அது வந்துதான் ஆகவேண்டும். அந்தக் குழியில் ஒருத்தி நிற்கிறாள் என்பது அதற்குத் தெரியாது. வாழ்க்கையில் அப்படி ஒரு பயமும் அப்படி ஒரு பக்தியும் ஒரே சமயத்தில் எனக்கு வந்ததில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது குழியைச் சுற்றி ஐம்பது பேராவது இருந்தார்கள். பொக்லைனும் தீயணைப்பும் இன்னும் வரவில்லை. தடிக்கயிற்றை மாட்டின் வயிற்றைச் சுற்றிப் போட்டிருந்தார்கள். அவள் இடுப்பிலும் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். அதன் நுனி என் கணவர் கையிலும் கொழுந்தனார் கையிலும் இருந்தது. அதற்கு மட்டும்தான் அவள் சம்மதித்திருக்கிறாள். எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். மாடு வலியில் கத்தியது. கால் வரவில்லை.

முதலில் குழியின் அடியில் மணல் கறுத்தது. மேலே தண்ணீர் வருவதற்கு முன்பே அடியில் ஊறிவிட்டது. அவள் கணுக்கால் நனைந்தது. பிறகு மேற்குப் பக்கத்து விளிம்பில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. கண்ணாடித் தகடு மாதிரி மெல்லியதாக உள்ளே வழிந்தது. அப்புறம் மடமடவென்று கொட்டியது. மாடு மிரண்டு தலையை உதறியது. அவள் விடவில்லை. முட்டி, இடுப்பு, மார்பு என்று ஏறியது. "அண்ணி, விட்ருங்க அண்ணி" என்று கொழுந்தனார் அழுதேவிட்டார். அவள் மாட்டின் தாடையை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடித்தாள். அவள் வாய்வரை தண்ணீர் வந்துவிட்டது, மாட்டின் மூக்கு மட்டும் மேலே இருந்தது. என் கணவர் கயிற்றை இழுக்கப் போனார். அவள் தலையை மட்டும் ஆட்டி வேண்டாம் என்றாள்.

அப்போதுதான் அது நடந்தது. மாடு மிதந்தது.

இத்தனை ஆண்கள் இழுத்து வராத கால்கள், தண்ணீர் மணலை இளக்கியதும் தானாகக் கழன்றுவிட்டன. பெரிய உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு நேராகி, நீந்தத் தொடங்கியது. தண்ணீர் உள்ளே விழுந்த பக்கம் மணலை அரித்து அரித்துச் சரிவாக்கியிருந்தது. மாடு அந்தச் சரிவில் காலை ஊன்றியது. "இப்ப இழுங்க" என்று யாரோ சொன்னார். ஐம்பது பேரும் இழுத்தார்கள். வருகிற தண்ணீருக்கு எதிரே, முட்டி போட்டு எழுந்து, மாடு மேலே வந்து நின்று உடம்பைச் சிலுப்பியது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே அவளும் வந்தாள்.

யாரும் கை தட்டவில்லை. முழங்கால் தண்ணீரில் எல்லோரும் அப்படியே நின்றோம். ஆறு எங்களைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

கரையேறி அவள் மாட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். எங்கள் பாட்டில் தண்ணீரைக் கொடுத்தேன். முழுவதையும் குடித்தாள்.

"தண்ணி வந்தா மாடு மெதந்துரும்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"எனக்கு என்னாக்கா தெரியும்? வயித்துல கன்னோட நிக்கிது. விட்டுட்டு ஏற மனசு வரல. அவ்ளோதான்" என்றாள். பிறகு கொழுந்தனாரைப் பார்த்து, "வீட்டுல மத்த மாட்டுப் பாலுக்கு ஆள் வந்துருப்பாங்க. நீங்க வீட்டுக்குப் போங்க, நான் இத ஓட்டிட்டு வரேன்" என்றாள்.

எங்கள் இட்லியை அந்த நாவல் மரத்தடியில் அவளும் நாங்களுமாகச் சாப்பிட்டோம். பேர் கேட்கக்கூடத் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து மறுபடி அந்த வழியாகப் போனோம். காவிரி கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. நாவல் மரத்தடியில் நின்று, குழி எந்த இடம் என்று கண்டுபிடிக்கப் பார்த்தோம். என் கணவர் ஒரு இடத்தைக் காட்டினார், நான் ஒரு இடத்தைக் காட்டினேன். எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி தண்ணீர்தான்.

அவள் செய்தது சரியா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் மகள் அந்தக் குழியில் நின்றிருந்தால் முடியைப் பிடித்து இழுத்தாவது மேலே ஏற்றியிருப்பேன். தண்ணீர் பாய்ந்த பக்கம் குழி இடிந்து அவள் மேல் விழுந்திருந்தால் இந்தக் கதையை நான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் ஒரு ஆறே எதிரே வந்தபோதும் பிடித்த கையை விடாமல் ஒருத்தி நின்றதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து காவிரி நிறைந்து ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம், என் கண்ணுக்குப் பெரியதாகத் தெரிவது ஆறு மட்டும் இல்லை.