இரவல் உயிர்கள்

அந்த விளையாட்டைப் பற்றி இன்று யாராவது என்னிடம் அபிப்பிராயம் கேட்டால், முதலில் அதன் நல்ல குணங்களைச் சொல்லிவிடுவேன். கெட்டதை மட்டும் சொன்னால் வயிற்றெரிச்சலில் பேசுகிறான் என்பார்கள். அது ஒரு தெருச்சண்டை விளையாட்டு. டிவியில் மாட்டி நான்கு பேர் வரை ஆடலாம். நான்கு பேரும் ஒரே கட்சி. எதிரே வருகிற ரவுடிகளை உதைத்துக்கொண்டே இடமிருந்து வலமாகப் போய்ச்சேர வேண்டும், அவ்வளவுதான் கதை. எந்தப் பட்டனைத் தட்டினாலும் யாருக்காவது அடி விழும் என்பதால் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. பின்தங்கியவன் வந்து சேரும்வரை திரை நகராமல் காத்திருக்கும். இந்தப் பண்பை நான் உறவுக்காரர்களிடம்கூடப் பார்த்ததில்லை.

குறைகளும் உண்டு. ஒரே ரவுடி சட்டையை மாற்றிக்கொண்டு பத்து முறை வருவான். குப்பைத்தொட்டியை உடைத்தால் உள்ளே ஒரு முழுக்கோழி இருக்கும். தின்றால் போன பலம் திரும்பும். ஆனால் முந்துகிறவனுக்குத்தான் கோழி. கை தவறினால் கூட்டாளிக்கும் அடி படும். இதையெல்லாம்விடப் பெரிய குறை ஒன்று இருந்தது. விளையாட்டைச் செய்தவர்கள் அதைச் சிறப்பு என்று நினைத்திருக்க வேண்டும். ஆளுக்கு இத்தனை உயிர்கள் என்று கணக்கு உண்டு; நம்முடையவை தீர்ந்துபோனால், ஒரு பட்டனை அழுத்திக் கூட்டாளியின் கையிருப்பிலிருந்து ஓர் உயிரை எடுத்துக்கொள்ளலாம். அவனைக் கேட்க வேண்டியதில்லை.

முடிச்சூரில் எங்கள் நிலத்தைப் பிளாட்டுகளாகப் பிரித்து விற்றபோது, ஒன்றை மட்டும் நிறுத்தி அதில் அப்பாவும் பெரியப்பாவும் மாடியும் கீழுமாக வீடு கட்டினார்கள். மூத்தவர் என்பதால் மாடி பெரியப்பாவுக்கு, கீழே நாங்கள். பட்டா யார் பேரில் இருக்கிறது என்று தண்ணீர் விசாரிப்பதில்லை. 2015இல் வந்த பெருவெள்ளத்தில் அது எங்கள் வீட்டு சுவிட்ச்போர்டுகளைத் தாண்டி நின்றது. அப்பா, அம்மா, நான், தங்கை நான்கு பேரும் உடுத்திய துணியோடு மாடி ஏறினோம். சில நாட்களில் தண்ணீர் வடிந்தது, ஆனால் நாங்கள் இறங்கவில்லை. கீழே சுவரெல்லாம் ஊறிப்போய், கதவுகள் உப்பி, சேறு நாறிக்கொண்டிருந்தது. காயும்வரை இங்கேயே இருங்கள் என்று பெரியப்பா அக்கம்பக்கத்தார் காதிலும் விழும்படி சொன்னார்.

எனக்கு அது திருவிழா. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. பெரியப்பாவின் மகன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். விளையாட்டு அவனுடையது. அவன் நிதானமாக ஆடுவான், ஓர் உயிரைக்கூட வீணாக்க மாட்டான். நான் கண்மூடித்தனமாகப் பாய்ந்து செத்து, அவனுடையதை எடுத்துக்கொண்டு மறுபடி பாய்வேன். முதல் வாரம் சிரித்தான். அடுத்த வாரம் முறைத்தான். அதற்குப் பிறகு எதுவும் சொல்வதை விட்டுவிட்டான். விளையாட்டே அனுமதிக்கிறது, இதில் என் தப்பு என்ன என்றிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியம்மாவின் தம்பி குடும்பத்தோடு பல்லாவரத்திலிருந்து நலம் விசாரிக்க வந்தார். அவர்கள் சோபாவில், நாங்கள் தரையில். அன்றுதான் முதல்முறையாகக் கடைசி ரவுடிவரை போயிருந்தோம். அண்ணன் மூன்று உயிர்களைச் சேர்த்துவைத்திருந்தான். மாமா பார்க்கிறார் என்ற பெருமை அவன் முகத்தில் தெரிந்தது. நான் செத்தேன், ஒன்றை எடுத்தேன். மறுபடி செத்தேன், இன்னொன்றை எடுத்தேன். மிச்சமிருந்ததையும் எடுத்துக்கொண்டு பாய்ந்தபோது ரவுடி விலக, என் உதை அண்ணன்மேல் விழுந்தது. அவன் சாய்ந்தான், எழுந்திருக்க உயிர் இல்லை. அடுத்த நொடியில் நானும் காலி.

அண்ணன் கையில் இருந்த கன்ட்ரோலரை வீசி எறிந்தான். “எங்க வூட்லயே துன்னுக்கினு, எங்க வூட்லயே தூங்கிக்கினு, இதையும் புடுங்கிக்கிறான்! இவுங்க எப்பம்மா கீழ போவாங்க?”

பெரியம்மா பதறிப்போய்ச் சொன்னாள்: “டேய், அதெல்லாம் எல்லார் எதிர்லயுமா கேப்பாங்க?”

பெரியப்பா பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். அப்பா சிரிக்க முயன்றார், வரவில்லை. டீத் தட்டோடு வந்த அம்மா விருந்தாளிகள் ஒவ்வொருவருக்கும் டம்ளரை எடுத்துக் கொடுத்து முடித்தாள். பிறகு தட்டை வைத்துவிட்டு வந்து என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். அவனுடைய உயிர்களை எடுத்ததற்காகத்தான் என்று நினைத்து நானும் கேட்டேன்.

மறுநாள் காலையில் அம்மா தலையணைகளை அள்ளிக்கொண்டு படியிறங்கினாள். அப்பா பின்னாலேயே போனார்.

“செவுரு இன்னும் ஈரமா கீது. புள்ளைங்களுக்கு ஒத்துக்காது. பொங்கல் வரைக்கும் பொறுத்துக்கினு போனா இன்னா?”

“பொறுத்தாச்சு” என்றாள் அம்மா.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. விளையாட்டில் வந்த ஒரு தகராறுக்காகக் குடும்பத்தையே சேற்றில் இறக்கிய வீம்புக்காரி என்று அம்மாவோடு பேசுவதை நிறுத்தினேன். அந்த ஈரத்தில் தங்கைக்கு இருமல் பிடித்தது. அதற்கும் மனதுக்குள் அம்மாவைத்தான் திட்டினேன். இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை அன்றோடு நின்றது. இன்றுவரை கல்யாணப் பத்திரிகையைக்கூட மாடியிலிருந்து வந்து கதவிடுக்கில் செருகிவிட்டுத்தான் போகிறார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் நான் சமையலறைக்குப் போனபோது, கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டு நிறையச் சோறு, மேலே ரசம். எனக்கு வியப்பாக இருந்தது. வெள்ளத்துக்கு முன்னால் திருநீர்மலைப் பெருமாளுக்காகச் சனிக்கிழமை மட்டும் ஒருவேளை சாப்பிடாமல் இருப்பாள். மாடிக்குப் போனபிறகு அது திங்கள், வியாழன், வெள்ளி என்று கூடிக்கொண்டே போயிற்று. பெரியம்மா இலை போடும்போதெல்லாம் இன்றைக்கு விரதம் என்பாள். வெள்ளத்துக்குப் பயந்து அம்மாவுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று நானும் தங்கையும் கேலி பேசியிருக்கிறோம். பழிவாங்க இதுதான் சமயம் என்று மூன்று நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தேன்.

“இன்னாம்மா, இன்னைக்கு வியாழக்கிழமை. விரதம்லாம் மேல் வூட்ல மட்டும்தானா?”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. எட்டி இன்னொரு கரண்டி சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டாள். பதில் சொல்ல முடியாமல் மாட்டிக்கொண்டாள் என்று நான் வாய்விட்டுச் சிரித்தேன்.