செருப்புக் கடைக்கு மூன்று நிறம்

முப்பத்தைந்து வயதுக்கு மேல் எனக்கு வெப் டிசைன் கற்றுக்கொள்ளும் ஆசை வந்தது. காவலூரில் பஸ் ஏறி மலையிறங்கி, வாணியம்பாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். ஆரம்பத்தில் அங்கே எல்லாம் மாக்கப்தான். ஓர் இணையதளத்தைக் கட்டுவதற்கு முன்னால், அது எப்படி இருக்கும் என்று காட்டும் மாதிரிப் படத்துக்கு அந்தப் பெயர். என் கணவர் காதில் அது வேறு மாதிரி விழுந்தது.

“மேக்கப் கத்துக்கவா இம்மாந்தூரம் போய்ட்டு வர்றே? நம்ம வூட்டுலயே பார்லர் வெச்சிடலாமே.”

பொறுமையாக விளக்கினேன்.

“அப்ப வெப்சைட்டுக்கு மேக்கப்புன்னு சொல்லு,” என்று முடித்துவிட்டார்.

வகுப்பில் எனக்கு ஜோடியாக ஒரு பெண் வாய்த்தாள். வாணியம்பாடிக்காரி, என்னைவிட வெகு இளையவள். அவளுடைய அண்ணன் பஜாரில் தோல் செருப்புக் கடை வைத்திருந்தார். அந்தக் கடைக்கே ஓர் இணையதளம் செய்வது என்று இருவரும் முடிவு செய்தோம்.

நிறங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொண்டேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, பிடுங்கிக்கொண்டேன். மூன்று நிறத்துக்கு மேல் போனால் கண் கூசும் என்று வகுப்பில் சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு அந்த மூன்றைத் தேடி அலைந்தேன். பஸ்ஸில் முன்சீட்டு அம்மாவின் புடவைக்கும் கரைக்கும் பொருத்தம் பார்த்தேன். சமையல்கட்டில் மஞ்சள்தூளையும் கடுகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் குழம்பு அடிபிடித்தது. கடைசியில் வெள்ளை, வெளிர் சாம்பல், அதைவிடக் கொஞ்சமே கொஞ்சம் அடர்ந்த சாம்பல் என்று தீர்மானமானது.

“இன்னாக்கா, மூணும் ஒண்ணாதானே கீது?” என்றாள் தோழி.

“இதுக்குப் பேர்தான் டேஸ்ட்டு.”

“எங்கண்ணனுக்கு அதெல்லாம் சாப்பாட்டுல மட்டும்தாங்கா தெரியும்.”

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். அண்ணன் எங்களை மரியாதையாக வாசல் ஓரம் ஸ்டூலில் உட்கார வைத்தார். மதிய வெயில் நேராகத் திரைமேல் விழுந்தது. அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார்.

“ரொம்ப நல்லாகீதும்மா. எழுத்தெல்லாம் எப்ப வரும்?”

எழுத்தெல்லாம் அங்கேதான் இருந்தது, வெள்ளைமேல் வெளிர் சாம்பலாக. நான் லேப்டாப்பைத் திருப்பினேன், சாய்த்தேன். கடைசியில் ஒரு செருப்புப் பெட்டியின் மூடியை எடுத்துத் திரைக்கு நிழல் பிடித்தேன். அவர் குனிந்து மூடிக்கடியில் பார்த்தார்.

“ஆமா, தெரீது. ஆனா பாக்கறவங்க எல்லாருக்கும் அட்டை புடிக்க ஆள் வேணுமே?”

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே யோசித்தார். அதுதான் தாங்க முடியவில்லை. தோழி கடைக்குள் போய்ச் சிரித்து முடித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

மறுநாள் அதே வாசலில், அதே வெயிலில் உட்கார்ந்து இருவருமாகப் படத்தைத் திருத்தினோம். அவள் சொல்லச் சொல்ல நான் மாற்றினேன். சந்தன நிறப் பின்னணி, கரும்பழுப்பு எழுத்து, ‘வாங்க’ என்ற பட்டனுக்கு மட்டும் ஆரஞ்சு. எதிர்ச்சாரியில் நின்று பார்த்தாலும் படிக்க முடிந்தது. என் டேஸ்ட்டு லேசாக முனகியது, கேட்காததுபோல இருந்தேன்.

அண்ணனுக்கும் பிடித்துப்போனது. பட்டனை விரலால் அழுத்தினார். பிறகு அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

“ரிப்பேராம்மா?”

“இது வெறும் படம்ண்ணா. பாக்கறதுக்கு மட்டும்தான்,” என்றாள் தங்கை.

“பாக்கறதுக்கே இவ்ளோ நாளா?”

தளம் ஒருவழியாகக் கட்டி முடிந்தது. சில நாட்களில், நாங்கள் கடையில் இருந்த நேரமாகப் பார்த்து, செங்கத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தார். தளத்தைப் பார்த்ததாகவும், ஒரு ஜோடிச் செருப்பு வேண்டும் என்றும் சொன்னார். போன் இல்லாமலே செங்கம் வரைக்கும் கேட்கும்படி அண்ணன் சத்தமாகப் பேசினார்.

“கலரு நல்லாகீதுங்களா? எல்லாம் நம்ம செலக்‌ஷன்தாங்க!”

நான் வாயைத் திறந்தேன். தோழி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“வுடுக்கா. பாவம், எவ்ளோ சந்தோஷமா கீறாரு பாரு.”

போனை வைத்ததும் அவர் கடைப் பையனிடம் எங்களுக்குச் சமோசா வாங்கி வரச் சொன்னார். நான் இரண்டு சாப்பிட்டேன்.