மண்ணெண்ணெய் வாடை

அக்குறணையில் ஜீப் திருத்தும் அந்த மனிதர் யார் முகத்தையும் பார்க்கமாட்டார். கழற்றிய எதையும் முதலில் மூக்கருகே கொண்டுபோவார். மடுல்கெல்ல ஏற்றத்தில் நின்றுபோன என் பழைய ஜீப்பின் டீசல் பம்பையும் அப்படித்தான் முகர்ந்தார்.

"பம்ப் தேஞ்சி போயிருக்கு. டீசல்ல மண்ணெண்ண கலந்தீங்களா?"

"இல்ல நானா," என்றேன். அந்தப் பக்கத்தில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்.

மறுபடி முகர்ந்தார், மறுபடி கேட்டார். நானும் மறுபடி பொய் சொன்னேன்.

மாட்ட எடுத்த புதிய பம்பைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். பழையதை என் கையில் திணித்தார்.

"பொய் சொல்ற ஆளுட வண்டிய நான் தொடுறல்ல. கொண்டு போங்க."

திமிர் பிடித்த ஆள்! கயிறு கட்டி ஜீப்பை இழுத்துப்போய், கட்டுகஸ்தோட்டையில் வேறொருவரிடம் புதிய பம்ப் போட்டேன்.

மலிவென்று இன்றைக்கும் டீசலில் மண்ணெண்ணெய் கலக்கத்தான் செய்கிறேன். அக்குறணையைக் கடக்கும்போது மட்டும் ஜீப்பின் கண்ணாடிகளை ஏற்றிவிடுகிறேன்.