ஹேண்டில்பாரில் தொங்கிய பூட்ஸ்

என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிள் ஓட்டியது ரோட்டில் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், "வண்டியில போறவனுக்கு இன்னாத்துக்கு முட்டி வரிக்கும் பூட்ஸு? பட்டாளத்துக்கா போறான்?" என்று எங்கள் காலனியில் கேட்காத வாய் கிடையாது. கேட்டவர்களை ஒரு நாள் அந்த வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும். போய்விட்டு வந்து பேசட்டும் அந்த வாய்.

எழுபதுகளின் நடுவில் இறாலுக்குத் திடீரென்று மவுசு வந்தது. வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி ஒன்று, கடலோரக் குப்பங்களில் இறால் வாங்க ஆள் வைத்திருந்தது. அப்போது நாங்கள் செங்கல்பட்டில் குடியிருந்தோம்; என் வீட்டுக்காரருக்கு அந்த வேலை கிடைத்தது. கம்பெனியே வண்டி கொடுத்தது. பின்னால் ஐஸ் பெட்டி. விடியும்போது கிளம்பித் திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் போய்விடுவார். அதுவரைக்கும் ரோடு என்று ஒன்று இருந்தது. அங்கிருந்து வடக்கே மாமல்லபுரத்தைத் தாண்டிக் குப்பம் குப்பமாகப் போகிற வழிக்குப் பெயரே கிடையாது. சவுக்குத் தோப்பில் மரம் வெட்டி விட்ட அடிக்கட்டை, கட்டை வண்டி உழுத மணல், மழை பெய்தால் முழங்கால் சேறு. எல்லாக் குப்பத்திலும் ஏலத்தில் இறால் எடுத்து, ஐஸில் போட்டு, கடைசியில் நிற்கிற கம்பெனி வேனில் ஏற்றிவிட்டுத் திரும்புவார்.

அவருடைய அப்பா, என் மாமனார், அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் ஆயுசு முழுக்க உழைத்தவர். மகனுக்கு இந்த வேலை வந்ததும் பண்ணையை விட்டுவிட்டு எங்களோடு வந்துவிட்டார். அடுத்தவன் வயலில் இறங்காமல் எங்கள் குடும்பத்தில் சோறு சாப்பிட்ட முதல் ஆள் என் வீட்டுக்காரர்தான். அந்த இரண்டு காலும் வண்டியும் இருக்கிற வரைக்கும்தான் அந்தச் சோறு. காலுக்கு ஏதாவது ஆனால் மறுபடியும் பண்ணைதான். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் விட்டுச் சொல்வதில்லை.

ஆரம்பத்தில் ரப்பர் செருப்போடுதான் ஓட்டினார். ஒரு நாள் மணலில் வண்டி சாய்ந்து, சைலன்சர் கெண்டைக்காலில் பட்டுத் தோல் வழன்றுவிட்டது. கணுக்கால் வீங்கி, வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அன்றைக்கே சொல்லிவிட்டேன், பூட்ஸ் இல்லாமல் வண்டியை எடுத்தால் நான் வாசலில் படுத்துக்கொள்வேன் என்று. நான் சொன்னால் செய்கிறவள் என்று அவருக்குத் தெரியும்.

கணுக்கால் வீக்கம் வற்றியதும் மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன் போய் இறங்கி, மூர் மார்க்கெட்டுக்கு நடந்தோம். பட்டாளத்தில் கழித்துக் கட்டிய சாமான்கள் அங்கே கிடைக்கும். பூட்ஸ் கடையில் ஒரு பாய் இருந்தார். என்ன வண்டி, எங்கே ஓட்டுகிறார் என்று கேட்டுக்கொண்டு மூன்று ஜோடியை எடுத்து வைத்தார்.

முதல் ஜோடி அடியில் ஆணி அடித்த பட்டாளத்து பூட்ஸ். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. ஆனால் கணுக்காலோடு முடிந்துவிட்டது, சைலன்சர் சுட்ட இடம் அப்படியே வெளியே தெரிந்தது. "ஆணி இரும்புல வழுக்குமே பாய், ஃபுட்ரெஸ்டுல காலு நிக்குமா?" என்று இவரே கேட்டார். "நிக்காதுதான்" என்று பாயும் ஒப்புக்கொண்டு அதை உள்ளே தள்ளிவிட்டார்.

இரண்டாவது, ரப்பரில் செய்த நீள பூட்ஸ். அதைப் பார்த்ததும் இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. காலை விட்டார், ஒரே உதறலில் கழற்றினார். மறுபடி விட்டார், மறுபடி உதறினார்.

"இதாம்மே சுளுவு. போடவும் சுளுவு, கழட்டவும் சுளுவு."

நான் அதை வாங்கிக் கணுக்கால் பக்கம் கையால் மடக்கினேன். சப்பாத்தி மாதிரி மடங்கியது. "எங்கையிலயே மடங்குது. வண்டி விழுந்தா உன் காலு மடங்காதா? சைலன்சர்ல பட்டா உருகி ஒட்டிக்கினு தோலோட வரும். இதுக்கு அந்தச் செருப்பே தேவல" என்றேன். பாய் சிரித்தார்.

மூன்றாவதுதான் அசல். முழங்காலுக்குக் கீழே வரை கெட்டித் தோல். முன் எலும்பு இருக்கிற இடத்தில் இரட்டைத் தோல் வைத்துத் தைத்திருந்தது. கணுக்காலை அசைத்தால் முன்னும் பின்னும் போனது, பக்கவாட்டில் அசையவில்லை. குதிகால் உயரமாக, ஃபுட்ரெஸ்டில் மாட்டி நிற்கிற மாதிரி. பாதத்தின் மேல் கயிறு, அதற்கு மேல் வரிசையாக வார், வாருக்குப் பக்கிள். பாய் ஒரு குச்சியை எடுத்து இவர் கால் விரலுக்கு மேலே நீட்டி, "கியரைத் தூக்குங்க பார்ப்போம்" என்றார். தூக்கினார். "குச்சி தட்டுறது தெரியுதா?" "தெரியுது." "அப்ப இதுதான் உங்க பூட்ஸ்."

இவர் வார்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கழட்டறதுக்கு நேரமாவுமே" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கழட்டறதுக்கா பூட்ஸு வாங்குவாங்க? போட்டுக்கத்தானே வாங்கறோம்?" என்று கடை என்றும் பாராமல் கத்தினேன். அவர் ஏன் கழற்றுவதைப் பற்றியே பேசுகிறார் என்று எனக்கு அப்போது தெரியாது. அதையே வாங்கிக்கொண்டு வந்தோம்.

நல்ல பூட்ஸ், அதில் குறை சொல்ல முடியாது. வாங்கிய கொஞ்ச நாளிலேயே தோப்பில் ஒரு அடிக்கட்டை காலில் மோதியது. பூட்ஸின் முன் தோலில் ஆழமாக ஒரு கோடு விழுந்தது, உள்ளே காலில் சிராய்ப்புகூட இல்லை. மாமனார் அந்தக் கோட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அன்றிலிருந்து சாயங்காலமானால் பூட்ஸ் அவர் மடிக்குப் போய்விடும். உள்ளே ஒரு கையை விட்டுக்கொண்டு, மற்றக் கையால் மணலைத் தட்டித் துடைத்துப் பாலிஷ் போடுவார். தெருவில் போகிறவர்கள் கேட்காமலேயே, "எம் புள்ளையோட பூட்ஸு" என்பார். ஆனால் தன் செருப்பை அவர் பெரும்பாலும் கையில்தான் வைத்திருப்பார். பண்ணை இருந்த ஊரில் பெரிய தெரு வழியாகப் போகும்போது கழற்றிக் கையில் பிடித்துப் பழகியது. செங்கல்பட்டுக்கு வந்தும் பாதி தூரம் செருப்பு கையில்தான் நடக்கும்.

அந்த வருஷம் ஒரு நாள் நானும் வண்டியின் பின்னால் போனேன். மாமல்லபுரத்தில் ஒரு கல்யாணம், வழியில் என்னை இறக்கிவிடுவதாக ஏற்பாடு. முதல் குப்பத்தை நெருங்கியதும் தோப்பின் ஓரத்தில் வண்டியை நிறுத்தினார். கீழே குந்தி வாரை அவிழ்க்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பக்கிளாக அவிழ்த்து, கயிற்றைத் தளர்த்தி, பூட்ஸை இழுத்துக் கழற்றி, காலுறையை உருவி, வெறுங்காலோடு மணலில் நடந்து போனார்.

திரும்பி வந்ததும் கேட்டேன், "இன்னாய்யா இது கூத்து?"

"வலை காயிது, கட்டுமரம் ஏத்தி வெச்சிகீறாங்க. அவங்களுக்கு அதெல்லாம் சாமி. நம்ப மாதா கோயிலுக்குள்ள செருப்போட போறமா? அப்டித்தான் இதுவும்."

ஏலம் நடந்த இடத்தைப் பார்த்தேன். வலை காய்ந்த இடத்துக்கும் அதற்கும் நல்ல தூரம். அங்கே ஒரு வியாபாரி செருப்போடு நின்று சத்தமாக விலை பேசிக்கொண்டிருந்தார்.

"அதோ அந்தாளு செருப்போடதானே நிக்கறாரு?"

"அவன் நிப்பான்மே. நான் நிக்கமாட்டேன்."

சுரீரென்று வந்தது எனக்கு. "உங்கப்பா பெரிய தெருவுல கழட்டனாரு. நீ இங்க வந்து கழட்டறியா?" என்றேன். முகம் சுண்டிப்போனது அவருக்கு. "நான் மனுசனுக்குக் கழட்டல. கடலுக்குக் கழட்டறேன்" என்றார். காலில் ஒட்டிய மணலைத் துடைத்து, உறையை மாட்டி, ஒவ்வொரு வாராக இழுத்துக் கட்டினார். அடுத்த குப்பத்தில் மறுபடியும் எல்லாம் முதலிலிருந்து. இவர் போய்ச் சேர்வதற்குள் நல்ல இறாலை வேறு கம்பெனிக்காரர்கள் எடுத்துவிட்டிருந்தார்கள். பாயின் கடையில் அவர் ஏன் ரப்பர் பூட்ஸை அப்படி உதறி உதறிப் பார்த்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

அப்புறம் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். முதல் குப்பத்தில் கழற்றுகிற பூட்ஸைக் கயிற்றால் ஒன்றோடொன்று முடிந்து ஹேண்டில்பாரில் மாட்டிவிடுவது. நடுவில் உள்ள குப்பமெல்லாம் வெறுங்காலோடு ஓட்டுவது. கடைசியில் வேனுக்கு இறாலை ஏற்றிவிட்டு மாட்டிக்கொண்டு வருவது. வீட்டுக்கு வரும்போது காலில் பூட்ஸ் இருக்கும். எனக்கு எப்படித் தெரியும்?

அப்படி வெறுங்காலோடு ஓட்டிய ஒரு நாள் வண்டி சறுக்கியது. சறுக்கிய இடத்தில் ஒரு பள்ளம். கட்டை வண்டி புதையாமலிருக்க, மாமல்லபுரத்தில் சிலை செதுக்குகிறவர்கள் கழித்துப்போட்ட கருங்கல் சில்லைக் கொண்டுவந்து யாரோ அதில் கொட்டியிருந்தார்கள். மேலே காற்று மணலைப் போட்டு மூடிவிட்டது. முன் சக்கரம் வழுக்கி, ஐஸ் பெட்டிப் பாரத்தோடு வண்டி வலது பக்கம் விழுந்தது. ஃபுட்ரெஸ்டுக்கும் கல்லுக்கும் நடுவில் அவருடைய வெறும் பாதம். மீன் கூடையோடு வந்த பெண்கள்தான் வண்டியைத் தூக்கி அவரை வெளியே இழுத்தார்களாம்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் பாதத்தைக் காப்பாற்றத் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்தார். சீழ் மேலே ஏறிக்கொண்டே போனது. கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஹேண்டில்பாரில் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொல்லி, வேன் டிரைவர் பூட்ஸை வீட்டில் கொண்டுவந்து கொடுத்தான். அதில் ஒரு புதுக் கீறல்கூட இல்லை. அதைப் பார்த்து எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தூக்கி எறியப் போனேன். மாமனார் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவர் எப்போதும்போல் சாயங்காலமானால் மடியில் வைத்துப் பாலிஷ் போட்டார்.

இவர் வீட்டுக்கு வந்த பிறகு, முதல் குப்பத்து நாட்டார் பார்க்க வந்தார். நாட்டார் என்றால் அந்தக் குப்பத்துக்குத் தலைவர். கையில் ஒரு பை மீன். செருப்பை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார். நான் "வாங்க" என்றுகூடச் சொல்லவில்லை.

"உங்க மணலுக்கு மருவாதி குடுக்கப் போயிதான் எங்கூட்டு ஆம்பளைக்குக் காலு போச்சு. இப்ப மீனு ஒண்ணுதான் கொறச்சலா?" என்றேன்.

"இன்னாம்மா சொல்ற?" என்று அவர் விழித்தார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். தோப்போரத்தில் குந்தி அவிழ்த்தது, ஹேண்டில்பாரில் தொங்கவிட்டது, எல்லாம். பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடப் பாவி. வலையாண்ட, மரத்தாண்ட வந்தாதான்மா செருப்பு கூடாது. ஏலம் போடற எடம் தோப்பாண்ட கீது. அங்க எத்தினி பேரு செருப்போட நிக்கறான்! தம்பி, நீ வண்டி மேலயே குந்திகினு இருந்தா நாங்க கூடையத் தூக்கியாந்து காட்டமாட்டமா? வெறுங்காலோட வர்றியே, வெயில்ல மணலு சுடுமேன்னு பொம்பளைங்க பேசிக்குவாங்க. நாங்க யார்னா உன்னக் கழட்டச் சொன்னமா? எங்களாண்ட ஒரு வார்த்த கேட்டியா?"

இவர் மடித்து வைத்திருந்த தலையணை மேல் கட்டுப்போட்ட காலை நீட்டியிருந்தார். அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கேக்கல நாட்டாரே. யாரும் சொல்றதுக்கு முன்ன கழட்டிப்புடணும். சொல்ல வெச்சிக்கக்கூடாது. சின்ன புள்ளையிலேர்ந்து எங்கூட்ல அப்டித்தான்."

மாமனார் மூலையில் பூட்ஸுக்குள் கையை விட்டபடி உட்கார்ந்திருந்தார். இவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கடலுக்குக் கழற்றுகிறேன் என்று என்னிடம் சொன்னது பொய் என்று சொல்லமாட்டேன். அதை அவர் நம்பித்தான் சொன்னார். மாமனார் கையை மெதுவாக உருவினார், பூட்ஸைச் சுவரோரம் வைத்தார், எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். அப்புறம் அவர் அதற்குப் பாலிஷ் போடவே இல்லை. அந்த மாசமே அச்சரப்பாக்கத்துப் பண்ணைக்குத் திரும்பிவிட்டார். இந்த வயதில் எதற்கு மாமா என்று நான் அழுதேன். "வேற இன்னாம்மா பண்றது?" என்றார். போகும்போதும் செருப்பு கையில்தான் இருந்தது.

கட்டு பிரித்து, கைத்தடி வைத்து நடக்கப் பழகின பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகலாம் என்றார். சுவரோரம் இருந்த இடது பூட்ஸை எடுத்து வரச் சொன்னார். தூசு தட்டிக் கொடுத்தேன். ஒவ்வொரு வாராக இழுத்துக் கட்டினார். அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு அவர் கட்டி நான் பார்த்ததில்லை.

மாதா கோயில் படியில் எல்லோருடைய செருப்பும் வரிசையாகக் கிடந்தது. நான் என்னுடையதைக் கழற்றினேன். அவர் நிற்கவில்லை. கைத்தடியை ஊன்றி, பூட்ஸ் காலை வாசற்படிக்கு மேலே தூக்கி வைத்து, உள்ளே போனார். சிமெண்ட் தரையில் டக் டக்கென்று சத்தம் கேட்டது. ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முன்னால் நின்று ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் பார்த்தார். எவராவது ஒருத்தர் வாயைத் திறக்கட்டும், கேட்கிறேன் என்று நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நின்றேன். பூசை முடிகிற வரைக்கும் நின்றேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.