சொர்த்தி எங்கே இருக்கிறது?

ஊசுட்டேரிக் கரையில் பறவை பார்க்க நான் அழைத்து வந்த கூட்டத்தில் ஒரு சிறுமி, சட்டையில் அச்சிட்டிருந்த என் சுற்றுலாக் கம்பெனிப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "ஆன்ட்டி, சொர்த்தி எங்க இருக்கு?"

அதே கேள்வியை அவள் வயதில் நானும் கேட்டிருக்கிறேன். அப்போது முத்தியால்பேட்டையில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், பிரெஞ்சுப் பள்ளியில் படித்த அப்பா, "சொர்த்தி போலாமா?" என்பார். அது ஏதோ ஊர் என்றே நினைத்திருந்தேன். சைக்கிளின் முன்கம்பியில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைப்பார். செயின் எண்ணெயும் ஈர வயலும் சேர்ந்து மணக்கும். வில்லியனூர் தாண்டியும் அந்த ஊர் வராது.

"சொர்த்தி வந்துடுச்சாப்பா?"

"இன்னும் வர்ல. அந்த வளைவுக்கு அந்தாண்ட இருக்குதா பாப்போம்."

வாராவாரம் ஒரு புது வளைவு. அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு 'வெளியே போவது' என்றுதான் அர்த்தம் என்று பள்ளியில் டீச்சர் சொன்ன அன்று, அப்பாவோடு பேசவே இல்லை. கோபம் தணிந்துவிட்டது. வளைவைக் கண்டால் எட்டிப் பார்க்கும் ஆசை மட்டும் தணியவில்லை. அதுவே தொழிலும் ஆனது.

சிறுமி பதிலுக்குக் காத்திருந்தாள். கரை வளைகிற இடத்தைக் காட்டினேன்.

"அதுக்கு அந்தாண்ட இருக்குதா பாப்போம், வா."