விருந்துப் புத்தகமும் கட்டுப் பிரிக்காத டப்பாவும்

அயர்லாந்தின் கார்க் நகரத்தில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம். சாப்பாட்டு இடைவேளையில் எதிரே உட்கார்ந்திருந்த நோரீன், மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே என் தட்டிலிருந்து ஓர் உருளைக்கிழங்கு வறுவலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கேட்கவில்லை. நான் பாதி தின்ற தட்டு அது. மென்று விழுங்கிவிட்டு இன்னொன்றையும் எடுத்தார். ஐம்பது வயதைத் தாண்டிய, என் மேலதிகாரியான அவருக்கு அது ஒன்றுமே இல்லை. எனக்கு அன்று பிற்பகல் முழுக்க வேலை ஓடவில்லை.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உங்களில் இருக்கலாம். அவர்களுக்காகச் சொல்கிறேன். என் தாத்தா காலம் வரைக்கும் தாமல் கிராமத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அப்பா காலத்தில் பெரிய காஞ்சிபுரம் வந்தோம். அம்மா ஒரு பட்டு நெசவுக் குடும்பத்தின் வீட்டில் நூல் சுற்றப் போவாள், இன்றும் போகிறாள். தீபாவளிக்கு அந்த வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் வரும். நாங்கள் கிறிஸ்தவர்கள், கிறிஸ்மஸுக்கு நாங்கள் கொடுப்போம். ஆனால் சமைத்ததை அல்ல. சீப்பு வாழைப்பழம், மிட்டாய்க் கடையில் நூல் போட்டுக் கட்டிக் கொடுத்த இனிப்பு டப்பா. அந்தக் கட்டைப் பிரிக்கக் கூடாது. "முடிச்சு அப்டியே இருக்குதா பாரு" என்று அம்மா ஒவ்வொரு வருடமும் பார்ப்பாள். இப்படித்தான் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மா நாளெல்லாம் தொட்டுச் சுற்றிய நூல் அந்த வீட்டுத் தறியில் சேலையாகும், கோயிலுக்குக்கூடப் போகும். அவள் தொட்டுக் காய்ச்சிய பாயசம் மட்டும் அந்த வாசலைத் தாண்டாது.

என் முதல் டிசம்பரில், வீட்டிலிருந்து ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து மேசையில் வைக்க வேண்டும் என்று தொழிற்சாலையில் சொன்னார்கள். நான் இந்தியக் கடையில் தேடி, மேலே பிளாஸ்டிக் உறை கிழியாத மைசூர்பா டப்பா இரண்டு வாங்கிப் போனேன். "நீயே செய்ததா?" என்று நோரீன் கேட்டார். "இல்லை, இல்லை. கடையில் வாங்கியது. சீல் பிரிக்கவில்லை, பாருங்கள். நான் தொடவே இல்லை" என்று பெருமையாகவே சொன்னேன். மேசையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பாவம், பையனுக்குச் சமைக்கத் தெரியாது என்று நோரீன் எடுத்துக்கொண்டார். மறுநாள் ஒரு கனமான புத்தகத்தைக் கையில் கொடுத்தார். பண்டிகை நாளில் வீட்டுக்கு ஆட்களைக் கூப்பிட்டு விருந்து வைப்பதற்கான சமையல் புத்தகம். "அடுத்த வருஷம் உன் வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு. தப்பிக்க முடியாது" என்றார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள் நான். புத்தகத்தில் இருப்பதை இருக்கிறபடி செய்தால் சரியாக வரும் என்று நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அந்தப் புத்தகத்தையும் அப்படித்தான் படித்தேன். மேசைத் துணியை எப்படி மடிப்பது, முதல் நாளே எதைச் செய்து வைப்பது, ஆரஞ்சுப் பழத்தில் கிராம்பு குத்தி மேசையை எப்படி அலங்கரிப்பது, எல்லாவற்றுக்கும் கோடு போட்டேன். விருந்துக்கு வருகிறவர்கள் எதைச் சாப்பிட மாட்டார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளச் சொல்லி ஒரு பக்கம் இருந்தது. அதன்படி சண்முகம் அண்ணாவுக்குப் போன் செய்தேன்.

சண்முகம் அண்ணா, அம்மா நூல் சுற்றும் வீட்டின் மூத்த பிள்ளை. எனக்கு ஐந்து வருடம் முன்பே கார்க் வந்தவர். விமான நிலையத்துக்குக் காரோடு வந்து என்னை அழைத்துப்போனதும், அறை பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். ஹோட்டலில் ஒரே மேசையில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறோம்.

"கறி, முட்டை வாணாம். மத்தபடி எல்லாம் சாப்புடுவேன்பா. இன்னா, பெரிய செஃப் ஆயிட்டியா?" என்று சிரித்தார். விருந்து முழுவதையும் சைவமாக்கினேன். பாத்திரங்களும் புதிதாக வாங்கினேன். அவற்றில் ஒட்டியிருந்த விலைச் சீட்டை நான் கிழிக்கவில்லை. புதிது என்று அண்ணாவின் கண்ணில் படட்டும் என்றுதான். அதை எழுத இப்போது கூசுகிறது.

அடுத்த வருடம், கிறிஸ்மஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மதியம், நோரீனும் அவர் கணவரும் வந்தார்கள். சண்முகம் அண்ணாவும் அண்ணியும் வந்தார்கள். மாவுக்குள் காளான் வைத்துச் சுட்ட 'பை' என்கிற பண்டம், வறுத்த கேரட், அம்மாவிடம் கேட்டுக் காய்ச்சிய சேமியா பாயசம். நானே எல்லோர் தட்டிலும் வைத்தேன்.

"வரசொல்லவே வீட்லயே சாப்ட்டுட்டோம்பா. இவளுக்கு வேற வயிறு சரியில்ல" என்றார் அண்ணா.

"கொஞ்சூண்டுண்ணா. ஒரு வாய்."

"அட, நம்ம வீடு தானேப்பா. இன்னொரு நாளு சாப்ட்டா போச்சு."

அண்ணி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கை சும்மா இருக்கிறதே என்று நினைத்தாரோ என்னவோ, அண்ணா மேசை நடுவிலிருந்த ஆரஞ்சை எடுத்தார். குத்தியிருந்த கிராம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் துணியில் வரிசையாக வைத்தார். பிறகு தோலை உரித்து, சுளையில் பாதியை அண்ணியிடம் கொடுத்தார். "அது அலங்காரத்துக்கு வைத்தது!" என்று நோரீன் வயிறு குலுங்கச் சிரித்தார். "சாப்பிடவில்லையென்றால் எனக்கு" என்று அண்ணாவின் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தட்டு காலியாகித்தான் போனது. அதில் எனக்கு ஆறுதல் இல்லை.

மறுநாள் அம்மா போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சம்முவம் சாப்ட்டாரா?"

"சாப்ட்டாரும்மா. பாயசம் ரெண்டு தபா வாங்கினாரு."

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. "அப்பிடியா!" என்றாள் அம்மா. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

இருபத்துநான்காம் தேதி காலையில் மறுபடியும் பேசினோம். "இந்த வருசம் டப்பா வாங்கல அருளு. நாளைக்கு நானே பாயசம் காச்சி எடுத்துக்கினு போறேன். அங்கயே புள்ள சாப்ட்டாரு, இங்க இவங்க வாணாம்னா சொல்லப்போறாங்க? புதுத் தூக்கு வாங்கிக்கினு வந்துட்டேன். மேல ஒட்டின லேபிளக்கூட கிழிக்கல, அப்டியே வெச்சிருக்கேன்."

அந்த வாசலில் தூக்கோடு நிற்கும் அவளை நினைத்துப் பார்த்தேன். இருபது வருடமாகப் போய்வரும் வீடு.

"அம்மா, வாணாம்மா. டப்பாவே வாங்கிக் குடுத்துடு."

"ஏன்பா?"

அங்கே தெருவில் ஓர் ஆட்டோ ஹாரன் அடித்துப் போவது போனில் கேட்டது.

"சரிப்பா" என்றாள் அம்மா. "கடை சாத்தறதுக்குள்ள போயி வாங்கியாந்துடறேன். நீ அன்னிக்கி ஒழுங்கா சாப்ட்டியா?"

கிறிஸ்மஸ் அன்று நோரீன் தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். இங்கே அன்றைக்குப் பேருந்து ஓடாது. பாயசப் பாத்திரத்தைத் துணியில் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஆளில்லாத தெருவில் நடந்தேன். காஞ்சிபுரத்தில் அப்போது மாலையாகியிருக்கும். அம்மா டப்பாவைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருப்பாள். நோரீன் வீட்டு மணியை அழுத்தினேன். வலது கையில் பாத்திரம் இன்னும் சூடாக இருந்தது. இடது தோளில் தொங்கிய பையில், எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கி வைத்த, உறை பிரிக்காத மைசூர்பா டப்பா. உள்ளே காலடிச் சத்தம் நெருங்கி வந்தது. எதை நீட்டுவது என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை.