பெரிய பங்களாவில் நீரூற்று ஓடும் நேரம்

வழிகாட்டி வேலையில் கால் வலிக்கும் முன்பே வாய் வலித்துவிடும். வாயால் பிழைக்கும் யாருக்கும் இது தெரிந்திருக்கும். இலங்கை மலையகத்தில் கொட்டகலைக்கு மேலே, ஏதோ ஓர் ஐரோப்பிய அரண்மனையைப் பார்த்து ஆசைப்பட்டு ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டிய பெரிய பங்களாவை நான் சுற்றிக் காட்டுகிறேன்.

பலகை

வாசல் பலகையில் ‘பரோக் அரண்மனை’ என்றிருக்கிறது. பரோக் என்ற ஐரோப்பியக் கட்டடப் பாணி இந்தக் கட்டடத்துக்கு இருநூறு வருடம் மூத்தது; இது வெறும் நகல். கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு இதை முறுக்குத் தூண், கண்ணாடிக் கூடம், அளந்து வெட்டிய செடிவேலி என்று ஆதாரத்தோடு முக்கால் மணி நேரம் நிரூபித்தேன். குடும்பத் தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அதெல்லாம் சரிங்க, பவுண்டன் எப்ப ஓடும்?”

ஒரே ஊற்று

பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஓடும். பங்களாப் பூந்தோட்டத்து நடுவிலுள்ள அந்த நீரூற்றுக்கும், கீழே நான் குடியிருக்கும் லயத்துக்கும், அதாவது தேயிலைத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கும், மலையில் ஒரே ஊற்றுதான். மேலே வால்வைத் திறந்தால் கீழே பன்னிரண்டு வீட்டுக்கும் குழாய் காய்ந்துவிடும். திறப்பவனும் நான்தான். ஒரு நாள் பத்து ஐந்துக்கு என் மனைவியிடமிருந்து போன்: “தலையில சோப்போட நிக்கிறேன். ஒங்க தொரமாரு பாத்து முடிச்சாங்களா, இல்லையா?”

மனு

லயத்துக்குத் தனிக் குழாய் வேண்டுமென்று மேனேஜரிடம் போனேன். எழுத்தில் கேட்டார். நீரூற்றின் வரலாற்றிலிருந்து தொடங்கி, அடிக்குறிப்புகளோடு மூன்று பக்கம் கொடுத்தேன். முதல் பக்கத்தை மட்டும் படித்தார். “அருமையா எழுதியிருக்கீங்க. இதையே சுருக்கி பவுண்டன் பக்கத்துல போர்டா வச்சிருவோமா?”

முதலாளி

கடைசியில் முதலாளியே வந்தார். லயமே என்னைத்தான் நம்பியிருந்தது. பக்கத்து வீட்டுச் செல்வி, “அண்ணே, கதைய வளக்காம தண்ணிய மட்டும் கேளுங்க” என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

நீரூற்றின் முன் நின்றதும் எனக்குப் புத்தி கெட்டுவிட்டது. பம்பு இல்லாமலே தண்ணீர் ஆளுயரம் எழுவது எப்படி, இதற்காக ஐரோப்பிய ராஜாக்கள் ஆறுகளையே திருப்பப் பார்த்தது ஏன் என்றெல்லாம் பொழிந்து தள்ளினேன். முதலாளி வாயைத் திறந்தபடி நின்றார். இதுதான் சமயமென்று, “ஐயா, கீழ லயத்துல இந்தத் தண்ணி…” என்று ஆரம்பித்தேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

“இவ்வளவு நாளா இத ஒரு தொட்டின்னுதான் நெனச்சேன், நீங்க சொல்லித்தான் அரும தெரியுது, நாளையிலருந்து பொழுதுக்கும் ஓடட்டும்.”

நன்றாகப் பேசி ஊருக்குத் தண்ணீர் வாங்கித் தந்தவர்கள் உண்டு. நன்றாகப் பேசியே பன்னிரண்டு வீட்டுத் தண்ணீரை நிறுத்தியவன், நான் படித்த அளவில், நான் ஒருவன்தான்.